சுடுதளத்திற்குரிய கார்பைன்

கைத்துப்பாக்கிக்கென அமைந்த தோட்டாவைத் தோளில் சார்த்திச் சுடும் நீண்ட துப்பாக்கியிலும் இட்டுச் சுடுவது அமெரிக்க நாட்டில் இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. 1873-ஆம் ஆண்டில் வின்செஸ்டர் நிறுவனத்தார் 44-40 என்னும் தோட்டாவுக்குரிய தங்கள் நெம்புகோல் துப்பாக்கியை வெளியிட்டனர். ஐந்தாண்டுகள் கழிந்தபின் கோல்ட் நிறுவனத்தார் தங்கள் ரிவால்வரையும் அதே தோட்டாவை ஏற்கும்படி அமைத்து விற்கத் தலைப்பட்டனர். இடுப்பிலே ஒன்றும் சேணத்திலே ஒன்றுமாக இரண்டு ஆயுதங்களைத் தாங்கி, கடைகண்ணி இல்லாத வெளிகளில் பல நாள் பிரயாணம் செய்த மேற்கத்திய மந்தைக்காரனுக்கு, ஒரே தோட்டாப் பை இரண்டிற்கும் போதும் என்பது எத்துணைப் பெரிய சௌகரியமாக இருந்திருக்கும் என்பதை விவரிக்க வேண்டுவதில்லை. அந்த வாழ்க்கை மறைந்து நூறாண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் துப்பாக்கி வகை மறையவில்லை. 1985 முதல் 1999 வரை மார்லின் நிறுவனம் 'கேம்ப் கார்பைன்' என்ற பெயரில் அதனை விற்றது. 1990-களின் பிற்பகுதியில் ருகர் நிறுவனம் போலீசாரைக் கருதி ஒன்றைச் செய்து பார்த்துப் பின் கைவிட்டது. அதே நிறுவனம் 2017-ஆம் ஆண்டின் இறுதியில், இம்முறை சாதாரண ஜனங்களைக் கருதி, 'பி.சி. கார்பைன்' என்பதை வெளியிட்டது. இன்றோ இவ்வகையில், அதாவது கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் கார்பைன் வகையில், துப்பாக்கி செய்யாத பெரிய நிறுவனத்தைக் காண்பது அரிதாகிவிட்டது. ஆகவே, வேட்டைக்காகவோ தற்காப்புக்காகவோ அன்றி, ஓய்வு நாளில் சுடுதளத்திற்குச் சென்று இலக்கை நோக்கிச் சுட்டு மகிழ்வதற்காக மட்டும் ஒன்றை வாங்க விரும்புகிறவர் எவற்றை ஆராய்ந்து, எந்த வரிசையில் ஆராய்ந்து, முடிவு செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

முதலில் இவ்வகைத் துப்பாக்கியின்மேல் நெடுங்காலமாகச் சாட்டப்படும் குற்றத்தைப் பரிசீலிக்க வேண்டும். ரைபிளின் வலிமையும் இதற்கில்லை, கைத்துப்பாக்கியின் சிறுமையும் இதற்கில்லை, ஆதலின் இரண்டின் குறைகளையும் ஒருங்கே பெற்றதே இது என்பர் சிலர். போருக்கும் வேட்டைக்கும் ஆயுதம் தேடுவோர் வாயில் இந்த வாதம் பொருத்தமானதே. 9 மி.மீ. குண்டு ஐம்பது கஜத்தில் நேர்படுத்தப்பட்டிருந்தால், நூறு கஜத்தை அடையும்போது அரையடி அளவு தாழ்ந்துவிடும். அதற்கப்பால் அதன் வீழ்ச்சி விரைந்து பெருகும். ஆயினும் இருபத்தைந்து கஜத்தில் தொங்கும் காகிதத்தையும், பதினைந்து கஜத்தில் நிற்கும் இரும்புத் தட்டையும் சுடுபவருக்கு இந்தக் குறை எவ்வாறு குறையாகும்? அவருக்கு வேண்டுவன நான்கு: மலிவான தோட்டா, மென்மையான உதைப்பு, அருகிலுள்ள சுடுதளம் தடையின்றி அனுமதித்தல், குறி எளிதில் கைகூடுதல். இந்நான்கிலும் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குரிய கார்பைன் சிறந்து நிற்கிறது அல்லது சிறந்து நிற்கும்படி தேர்ந்தெடுக்கக் கூடியதாயிருக்கிறது. வேறொரு காரியத்திற்கு உதவாது என்பதால் ஒரு கருவியை அதன் சொந்தக் காரியத்திலும் இகழ்வது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம்.

துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கு முன்னர்ச் சுடுதளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொன்னால் பலருக்கு விசித்திரமாகத் தோன்றும். ஆனால் முறை அதுவே. அமெரிக்க நகரங்களில் கூரையின்கீழ் அமைந்த சுடுதளங்கள் பலவற்றில், குண்டுகளைத் தாங்கி நிறுத்தும் பின்சுவர் கைத்துப்பாக்கிக் குண்டின் வேகத்தைக் கருதியே கட்டப்பட்டிருப்பதால், ரைபிள் தோட்டாக்களுக்கு அங்கே இடமில்லை. 9 மி.மீ. கார்பைன் உருவத்தால் ரைபிளாக இருந்தும் குண்டால் கைத்துப்பாக்கியாக இருப்பதனால், அவற்றில் மிகுதியானவை அதனை ஏற்றுக்கொள்கின்றன. திறந்த வெளியில் இரும்பு இலக்குகளைச் சுடும் இன்பமும் இவ்வாறே. வேகமிக்க ரைபிள் குண்டு இரும்பைக் குழித்துச் சிதறல்களைச் சுடுபவர்மேலேயே திருப்பும் அபாயமுண்டு ஆதலின், அதற்கு நூறு கஜத் தொலைவு வேண்டுமென்பது வழக்கமான விதி. கைத்துப்பாக்கிக் குண்டுக்கோ, உரிய எஃகாலான தட்டு ஒழுங்காகச் சாய்த்து நிறுத்தப்பட்டிருக்குமாயின், பத்துக் கஜமே போதுமெனக் கொள்வர். இன்னொரு விதியையும் முன்கூட்டி விசாரித்தல் நலம்: குண்டின் உறையில் இரும்பு கலந்துள்ளதா என்று காந்தத்தால் சோதித்து, ஒட்டினால் விலக்கிவிடும் சுடுதளங்கள் பல உண்டு, மலிவென்று பெட்டி பெட்டியாக அத்தகைய தோட்டாவை வாங்கி வைத்துக்கொண்டு வாசலில் திரும்பி அனுப்பப்படுவது வருந்தத்தக்கது.

இனித் தோட்டா. இதில் ஆராய்ச்சி நீளமாயினும் முடிவு குறுகியதே. 1902-ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் ஜார்ஜ் லூகர் வகுத்த 9 மி.மீ. தோட்டா உலகெங்கும் பரவி, அளவற்ற தொகையில் உற்பத்தியாவதனால், சென்டர்ஃபயர் எனப்படும் மையவெடித் தோட்டா வகையில் அதைவிட மலிவானது கிடைப்பது அரிது, சாதாரண .223 ரைபிள் தோட்டாவின் விலையில் ஏறக்குறையப் பாதிக்கு அது கிடைக்கிறது. ஜான் பிரௌனிங் 1905-ஆம் ஆண்டையொட்டி அமைத்த .45 ஏ.சி.பி. தோட்டாவுக்குப் பக்தர்கள் மிகுதி; எனினும் அதன் கனத்த குண்டு குறுங்குழலிலேயே தன் வேகத்தை ஏறக்குறைய முழுவதும் அடைந்துவிடுவதனால், கார்பைனின் நீண்ட குழல் அதற்குச் செய்யும் உபகாரம் சொற்பமே, விலையோ அதிகம். .40, 10 மி.மீ. ஆகியவை தம்மிடம் அவ்வகைக் கைத்துப்பாக்கி ஏற்கெனவே உள்ளவர்க்கு மட்டுமே உரியவை என்று சொல்லி மேலே செல்லலாம்.

குழலின் நீளத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுவதால் அதனைச் சிறிது விரிக்க வேண்டும். நான்கங்குலக் குழலிலிருந்து பதினாறு அங்குலக் குழலுக்கு மாறினால் வேகம் பன்மடங்கு பெருகும் என்று பலர் நம்புகின்றனர். 115 கிரெயின் எடையுள்ள 9 மி.மீ. குண்டு கைத்துப்பாக்கியில் வினாடிக்கு ஏறத்தாழ 1,150 அடி செல்லுமாயின், கார்பைனில் 1,300 அடியளவே செல்லும்; ஏனெனில், அதன் சொற்ப மருந்து பத்துப் பன்னிரண்டு அங்குலத்திற்குள் தன் பலத்தைச் செலவழித்துவிடுகிறது. பழைய ரிவால்வர்த் தோட்டாவான .357 மாக்னமோ இதற்கு விலக்கு. நிதானமாக எரியும் மருந்து அதன் நீண்ட உறையில் நிறைந்திருப்பதால், 158 கிரெயின் குண்டு ரிவால்வரில் 1,200 அடியளவில் புறப்படுவது கார்பைனில் 1,700 அடியைத் தாண்டும். அன்றியும் 1898-ஆம் ஆண்டிலிருந்து வழங்கிவரும் சாதுவான .38 ஸ்பெஷல் தோட்டாவையும் அதே துப்பாக்கியில் சுடலாம். ஒரே கருவியில் மென்மையும் வன்மையும் கிடைக்கின்றன. குறையென்று சொல்வதானால், இவ்விரு தோட்டாக்களும் 9 மி.மீ. போல மலிவானவையல்ல.

ஒலியைக் குறைக்க விரும்பி சைலன்சர் பொருத்த எண்ணுவோர் 147 கிரெயின் குண்டை நாடுவது தக்கது. அது ஒலியின் வேகத்திற்குக் கீழேயே செல்வதனால் வானில் எழும் வெடிச்சத்தம் அதற்கில்லை.

இப்பொழுது இக்கேள்வியின் மையத்திற்கு வருகிறோம். கடையில் வரிசையாகத் தொங்கும் கார்பைன்களிடையே உண்மையான வேற்றுமை அவற்றின் உருவத்திலோ பூச்சிலோ இல்லை. குண்டு புறப்பட்ட கணத்தில், குழலின் பின்வாயை அடைத்து நிற்கும் போல்ட் என்ன செய்கிறது என்பதிலேயே இருக்கிறது. பெரும்பாலானவை புளோபேக் என வழங்கும் எளிய முறையைச் சேர்ந்தவை. இம்முறையில் போல்ட்டைக் குழலோடு பூட்டிவைக்கும் ஏற்பாடு ஒன்றுமில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் அம்மிக்கல்லை முட்டுக்கொடுத்துச் சாத்திவைப்பதைப் போல, போல்ட்டின் கனமும் அதன் பின்னுள்ள சுருள்வில்லுமே வெடிப்பின் வேகத்தைத் தாங்கி நிற்கின்றன. இதனால் யந்திரம் எளிது, விலை குறைவு, பழுது அரிது. ஆனால் ஒரு பவுண்டுக்கு மேற்பட்ட இரும்பு ஒவ்வொரு வெடிக்கும் பின்னோக்கி ஓடி முட்டி, மீண்டும் முன்னோக்கி ஓடி மோதுவதனால், சுடுபவர் உணர்வது குண்டின் உதைப்பை மட்டுமன்று, அந்த இரும்பின் இரட்டை மோதலையுமாம். .223 தோட்டா 9 மி.மீ. தோட்டாவைவிடப் பன்மடங்கு சக்தியுடையதாயிருந்தும், பூட்டிய போல்ட்டுடைய ரைபிளில் அதனைச் சுட்டுப் பழகியவர், புளோபேக் கார்பைனைத் தோளில் வைத்தவுடன் இதன் உதைப்பு அதனினும் முரட்டுத்தனமாக இருக்கிறதே என்று வியப்பதன் காரணம் இதுவே.

இக்குறையைத் தீர்க்க யந்திர வல்லுநர்கள் கண்ட உபாயங்கள் பல. 1966-ஆம் ஆண்டு முதல் ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் செய்துவரும் எம்.பி.5 என்னும் துப்பாக்கியில், இரு சிறு உருளைகள் போல்ட் திறப்பதைக் கணநேரம் தாமதப்படுத்துகின்றன. அக்கணத்திற்குள் குழலின் அழுத்தம் தணிந்துவிடுவதால் போல்ட் இலேசாக இருப்பினும் தீங்கில்லை. சி.எம்.எம்.ஜி. நிறுவனம் போல்ட் சற்றே சுழன்ற பின்னரே திறக்கும்படி செய்திருக்கிறது. ஸிக் ஸாவர் நிறுவனத்தின் எம்.பி.எக்ஸ். துப்பாக்கி, ரைபிளைப் போலவே வாயுவால் இயங்கிப் பூட்டித் திறக்கிறது. இவையெல்லாம் கையில் எடுத்துச் சுடுவதற்கு மிக இனிமையானவை. குறிமுள் இலக்கைவிட்டு அகலாமலே அடுத்த குண்டு புறப்படுகிறது. ஆனால் எளிய புளோபேக் கார்பைன் ஒன்றின் விலையைப்போல் இரு மடங்கும் அதற்கு மேலும் இவற்றுக்குக் கொடுக்க நேரும். அந்த மிகுதித் தொகை எத்தனை ஆயிரம் தோட்டாக்களுக்குச் சமம் என்பதை வாங்குபவர் தாளில் கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம். போட்டிகளில் கலந்துகொண்டு நொடியின் பின்னங்களைக் கணக்கிடுபவருக்கு அந்தச் செலவு தகும். மாதம் ஒருமுறை மாலைப்பொழுதைக் கழிக்கச் செல்பவருக்கு அதே பணம் தோட்டாவாக மாறுவதே பெரிய இன்பம் தரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டிற்கும் நடுவழியாக ருகரின் பி.சி. கார்பைனில் போல்ட்டினுள்ளே டங்ஸ்டன் உலோகத்தாலான ஓர் எடை முன்பின் நகரும்படி வைக்கப்பட்டிருக்கிறது. அது மோதலைச் சற்றே மழுங்கச் செய்வதை, அதனையும் வேறு புளோபேக் துப்பாக்கியையும் அடுத்தடுத்துச் சுட்டுப் பார்ப்பவர் உணர்வர்.

தோட்டாக்களை அடுக்கிச் செருகும் மாகஸினின் விஷயம் அற்பமாகத் தோன்றினும், வாங்கிய பின் மகிழ்ச்சியோ மனஸ்தாபமோ பெரும்பாலும் அதிலிருந்தே பிறக்கிறது. தம்மிடம் க்ளாக் கைத்துப்பாக்கி இருக்குமாயின், க்ளாக் மாகஸினை ஏற்கும் கார்பைனையே தேட வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இருக்குமாயின் அதனை ஏற்பதை. பழைய மந்தைக்காரனின் தோட்டாப் பையிலிருந்த சௌகரியம் இன்று இந்த உருவத்தில் திரும்பியிருக்கிறது. மார்லின் கேம்ப் கார்பைனின் .45 வகை அக்காலத்திலேயே கோல்ட் 1911 கைத்துப்பாக்கியின் மாகஸினை ஏற்றது. பி.சி. கார்பைனில் மாகஸின் செருகும் பகுதியையே கழற்றி, ருகர் மாகஸினுக்கோ க்ளாக் மாகஸினுக்கோ தக்கதை மாற்றிப் பொருத்தலாம். தனக்கென்று தனி மாகஸினை வகுத்துக்கொண்ட துப்பாக்கி சிறந்ததாகவே இருந்தாலும், அந்த மாகஸின் இன்னும் பத்தாண்டுகளில் கிடைக்குமா என்ற கேள்வியையும் சேர்த்தே அதனை வாங்க வேண்டும்.

குறிப்பிட்ட துப்பாக்கிகளுள் சிலவற்றைப் பற்றி மட்டும் என் கருத்தைச் சொல்லுகிறேன். ஒஹையோ மாநிலத்தில் செய்யப்படும் ஹை-பாயிண்ட் கார்பைன் எல்லாவற்றினும் மலிவானது. அழகற்றது, கனமானது, பத்துத் தோட்டாவே கொள்ளும் மாகஸின் உடையது. ஆயினும் சுடுகிறது, குறி தவறாமல் சுடுகிறது. சொற்பப் பொருளுடையவரை அது ஏமாற்றுவதில்லை. கெல்-டெக் நிறுவனத்தின் ஸப்-2000 நடுவில் மடங்கிச் சிறு பைக்குள் அடங்குவது வியத்தற்குரியதே. ஆனால் போல்ட் கன்னத்தின் கீழேயுள்ள குழாயில் ஓடுவதனால், ஒரு மணி நேரம் தொடர்ந்து சுட்டவரின் கன்னம் அதற்குச் சாட்சி சொல்லும். காரில் எடுத்துச் செல்லத் தக்க சிறு துப்பாக்கியாக அதனைப் பாராட்டலாம், நாள் முழுவதும் சுடுவதற்குத் தக்கதாகப் பாராட்ட முடியாது. 2003-ஆம் ஆண்டில் இத்தாலியின் பெரெட்டா வெளியிட்ட சி.எக்ஸ்.4 ஸ்டார்ம் கைக்கு இயல்பாக அமைவது. செக் நாட்டின் ஸ்கார்ப்பியன் உறுதியானது, எனினும் முரடானது. பி.சி. கார்பைன் ஏறக்குறைய ஏழு பவுண்டு எடையுள்ளது என்பதைச் சிலர் குறையாகச் சொல்வர். சுடுதளத்து மேசையருகே நின்று சுடுபவருக்கு அந்தக் கனம் உதைப்பை விழுங்கும் நண்பனே ஆகும்.

தானியங்கி முறையில் தோட்டா ஏற்றும் இத்துப்பாக்கிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்து நெம்புகோல் துப்பாக்கியை மறப்பது பெரும் பிழையாகும். ஹென்றி நிறுவனத்தின் பிக் பாய், ருகர் வசம் வந்தபின் மீண்டும் செய்யப்படும் மார்லின் 1894, பிரௌனிங்கின் 1892-ஆம் ஆண்டு அமைப்பைப் பின்பற்றிப் பிரேஸில் நாட்டில் செய்யப்படும் ரோஸ்ஸி ஆகிய இவை .357 தோட்டாவில் கிடைக்கின்றன. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் நெம்புகோலை இயக்க வேண்டியிருப்பதால் சுடுவது நிதானப்படுகிறது, நிதானப்படுவதால் ஒவ்வொரு குண்டும் கருத்தோடு சுடப்படுகிறது, தோட்டாவும் வீணாவதில்லை. போல்ட்டின் மோதல் என்ற பிரச்சினையே இங்கில்லை. பழைய மேற்கத்திய உடை தரித்து அக்காலத் துப்பாக்கிகளால் போட்டியிடுவோரின் சங்கம் 1987 முதல் நடந்துவருகிறது. அங்கே இவற்றுக்கு ராஜ மரியாதை. போட்டியும் வேகமும் வேண்டாதவர், சுடுவதன் சுகத்தையே நாடுபவர், கடைக்காரர் எதனைக் காட்டினும் இதனை ஒருமுறை கையிலெடுத்துப் பார்க்காமல் திரும்பலாகாது.

வேகம் வேண்டுவோருக்கு, சுடும் போட்டிகளை நடத்தும் யு.எஸ்.பி.எஸ்.ஏ. அமைப்பு 2016-ஆம் ஆண்டில் இவ்வகைக் கார்பைன்களுக்கென்று ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியது. இரும்புத் தட்டுகளை விரைந்து சுடும் ஸ்டீல் சேலஞ்ச் போட்டியிலும் இவற்றுக்கு இடமுண்டு. இவ்விரண்டிலும் 9 மி.மீ. அன்றி வேறு எதனையும் நினைக்கவேண்டுவதில்லை.

குறிபார்க்கும் சாதனத்தில் செம்புள்ளிக் கண்ணாடியே இத்தொலைவுகளுக்கு ஏற்றது. ஆனால் ஏ.ஆர்.-15 ரைபிளின் வடிவமுள்ள கார்பைன்களில் அது குழலின் மையத்திற்கு இரண்டரை அங்குலம் மேலே அமர்கிறது. ஆகவே ஏழு கஜத்தில் புள்ளியை எங்கே வைக்கிறோமோ அதற்கு ஏறத்தாழ இரண்டங்குலம் கீழேதான் குண்டு பாயும். துப்பாக்கி கெட்டுவிட்டதென்று எண்ணிக் கண்ணாடியைத் திருகத் தொடங்கும் புதியவர்கள் பலர். இருபத்தைந்து அல்லது ஐம்பது கஜத்தில் நேர்படுத்திவிட்டு, அருகிலுள்ள இலக்குக்குச் சற்று மேலே வைத்துச் சுடப் பழகிக்கொள்வதே உசிதம்.

சட்டம் கடைசியில் வருவதால் அதனைக் கடைசியாக எண்ணிவிடக் கூடாது. அமெரிக்க மத்தியச் சட்டப்படி ரைபிளின் குழல் பதினாறு அங்குலத்திற்கேனும் முழு நீளம் இருபத்தாறு அங்குலத்திற்கேனும் குறையுமாயின், 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முன் அனுமதி பெற்றுப் பதிவு செய்தாக வேண்டும். அதற்குரிய 200 டாலர் வரி 2026 ஜனவரி முதல் நீங்கியிருப்பினும் பதிவு நீங்கவில்லை. கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்ஸி போன்ற மாநிலங்களில் பத்துத் தோட்டாவுக்கு மேற்பட்ட மாகஸினுக்கு இடமில்லை. தானே தோட்டா ஏற்றும் துப்பாக்கிகளின் அங்க அமைப்பிற்கும் பல கட்டுப்பாடுகள் உண்டு. நெம்புகோல் துப்பாக்கி இக்கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வெளியே நிற்கிறது என்பது அதன் பெருமைகளுள் ஒன்று.

அமெரிக்காவில் வாழும் தமிழர்க்குப் பிரத்தியேகமாகச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. எச்-1பி போன்ற குடியேறா விசாவில் இருப்பவர், மாநில அரசு வழங்கும் வேட்டை உரிமம் முதலிய சில விலக்குகள் இருந்தாலன்றி, துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் அடங்கும். நண்பர் அழைத்தாரென்று சென்றுவிடாமல் தம் நிலையைத் தக்க வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவது கடமை. நிரந்தர வசிப்புரிமை அட்டை பெற்றவர்க்கு இத்தடையில்லை. இந்தியாவிலோ 9 மி.மீ. துப்பாக்கி பொதுமக்களுக்கு விலக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது ஆதலின், இந்த ஆராய்ச்சி அங்கே வாங்குதற்குரிய வழிகாட்டியாகாது.

சுருங்கக் கேட்பவர்க்கு என் தீர்ப்பைச் சொல்வதானால், முதல்முதலாக ஒன்றே ஒன்று வாங்குகிறவர் 9 மி.மீ. தோட்டாவில், தம் கைத்துப்பாக்கியின் மாகஸினை ஏற்கும் பி.சி. கார்பைனை வாங்குக, நிதானத்தை விரும்புகிறவர் .357 நெம்புகோல் துப்பாக்கியை வாங்குக; போட்டியில் மனம் பதிந்தவர் சில காலம் பொறுத்துப் பணம் சேர்த்துத் தாமதித்துத் திறக்கும் போல்ட்டுடையதை வாங்குக. எதனை வாங்குவதாயினும், வாடகைக்குக் கொடுக்கும் சுடுதளத்தில் அதே துப்பாக்கியை ஒருமுறையேனும் சுட்டுப் பாராமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். கூரையுள்ள சுடுதளத்தில் காதடைப்பானின்மேல் காதுமூடியும் அணியுங்கள்; சுட்டு முடித்தபின் ஈயத் துகள் உணவோடு கலவாதபடி கைகளை நன்றாகக் கழுவிய பின்னரே எதனையும் உண்ணுங்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பினும் இல்லாவிடினும், துப்பாக்கிக்கென்று ஒதுக்கிய தொகையிலிருந்து பூட்டுள்ள இரும்புப் பெட்டியின் விலையை முதலில் எடுத்து வைத்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டு கார்பைனைத் தேடத் தொடங்குங்கள்.